சொல்லமைச்சரும் மாரெட்பள்ளி பஸ்ஸும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "டைப் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு யூனிஸ் பேச்சை மாற்றிவிடுவாள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் கூச்சம்.

ராமச்சந்திராபுரத்துப் பெரிய ஆலையைத் தாண்டி, பட்டன்செரு போகும் சாலையில், தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்கிற ஒரு சின்ன அரசு ஆலை அந்தக் காலத்தில் இருந்தது. அதன் பணியாளர் பிரிவில் அதிகாரி சந்திரமோகனுக்கு எதிர் மேசை யூனிஸுடையது. சந்திரமோகன் நல்ல மனிதர். ஆனால் ஒரு கெட்ட செய்தியை நேராகச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. கேன்டீனில் மூன்று இட்லி இரண்டாகக் குறைந்தபோது 'உணவு முறைச் சீரமைப்பு' என்று அறிவிப்புப் பலகையில் போட்டார். ஓவர்டைமை நிறுத்தியபோது அது 'குடும்ப நேர விரிவாக்கம்' ஆயிற்று. இந்தச் சொற்களெல்லாம் அவருடையவை என்று ஆலையே நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவர் பாதி வாக்கியத்தில் முட்டிக்கொண்டு நிற்பார். "யூனிஸ், இதுக்கு இன்னும் கொஞ்சம் கௌரவமா ஒரு வார்த்தை சொல்லும்மா" என்பார். அவளும் டைப்ரைட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்றை எடுத்து நீட்டுவாள். "பலே" என்பார். இட்லி குறைந்தவர்களில் அவளும் ஒருத்தி என்பது அவளுக்கு மத்தியானம் தட்டைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

மனசாட்சி உறுத்துகிறவர்கள் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் சர்ச்சுக்குப் போவார்கள். யூனிஸ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கும் போனாள். அது போதவில்லை என்று கதையும் எழுதினாள்.

அவள் வீடு மாரெட்பள்ளியில். கணவர் எட்வர்ட் செகந்திராபாத்தில் ரயில்வே கார்டு. எந்த நேரத்திலும் வண்டிக்கு அழைப்பு வரும் என்பதால், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்பது அவருக்கு விதி. அவள் ஆலையோ ஊரின் மறுகோடியில். இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தது ஒரே ஒரு கயிறு: காலை ஆறு நாற்பதுக்கு மாரெட்பள்ளி முனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ். அதை விட்டால் மூன்று டவுன் பஸ் மாற வேண்டும். முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்தாலும் எட்டு மணிச் சங்குக்குப் போய்ச் சேர முடியாது. பஸ் இருக்கும்வரை அவளுக்கு வேலை இருக்கும். இது அவளுக்கு மனப்பாடம்.

அந்த பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேர். பெரும்பாலும் செகந்திராபாத் தமிழர்கள். அப்பனோ தாத்தனோ ரயிலோடும் ராணுவத்தோடும் வந்து தங்கிவிட்டவர்கள். ஒன்றேகால் மணி நேரப் பயணத்தை எப்படித் தள்ளுவது? டிராயிங் ஆபீஸ் பெருமாள் அதற்கு ஒரு வழி கண்டார். முத்து முத்தான கையெழுத்து அவருக்கு. 'சகபயணி' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினார். இருப்பது ஒரே பிரதி. புதன்கிழமைதோறும் புதுத் தாள்களைத் தைத்துச் சேர்த்துக்கொண்டு வருவார். ஆனால் ஒரு சங்கடம். பஸ்ஸில் பாதிப் பேர் தெலுங்குப் பள்ளியிலோ உருதுப் பள்ளியிலோ படித்தவர்கள். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு' என்று ஊர் உருதைக் கலந்து தமிழ் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். எழுத்து மட்டும் தெரியாது. அதனால் பத்திரிகையை உரக்கப் படிப்பது வழக்கமாயிற்று. படிப்பவர் வார்ப்புக்கூடத்து ஃபோர்மேன் ஜகதீசன். உலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல் அவருக்கு.

'மணிக்கூண்டு' என்ற பெயரில் அதில் யூனிஸ் ஒரு தொடர்கதை எழுதினாள். அது அவள்தான் என்பது பெருமாளுக்கும் எட்வர்டுக்கும் மட்டும் தெரியும். பஸ்ஸில் எல்லோரும், அது யாரோ ரிட்டயரான தமிழ் வாத்தியார் என்று பேசிக்கொண்டார்கள். கதாசிரியர் தங்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று யார்தான் நினைப்பார்கள்?

கதை கூர்மலை நாட்டைப் பற்றியது. அரசர் தூங்குமூஞ்சி. நாட்டை ஆண்டது மதுரவாசகன் என்ற அமைச்சன். அவனிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. நாக்கு மட்டும்தான் இருந்தது. நாட்டில் எது கெட்டுப்போனாலும் அதற்குப் பெயரை மாற்றிவிடுவான். பாலம் இடிந்து விழுந்தால், "ஆறு விடுதலை அடைந்தது" என்பான். சிறைச்சாலைக்கு ஓய்வில்லம் என்று பெயர் வைத்தான். பஞ்சம் வந்தபோது அவன் பேசிய பேச்சை பஸ்ஸே மனப்பாடம் செய்து வைத்திருந்தது: "பட்டினி கிடப்பவன் பிச்சைக்காரன், நோன்பு இருப்பவன் புண்ணியவான். மக்களே, நேற்றுவரை பிச்சைக்காரர்களாக இருந்த உங்களை ஒரே நாளில் புண்ணியவான்களாக்கியிருக்கிறேன்!" ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதல் பாதியில் அவன் செய்கிற அயோக்கியத்தனம் வரும், கடைசியில் அவன் மேடைப் பேச்சு வரும். எழுதும்போது யூனிஸ் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். ஆலையில் விற்ற சரக்கையே வேறு பொட்டலத்தில் கட்டி விற்கிறோமே என்ற நினைப்பும் இருக்கும்.

இந்தப் பேச்சுகளுக்குப் பரம ரசிகர் ஒருவர் இருந்தார். புருஷோத்தமன், மெஷின் ஷாப்பில் ஃபிட்டர். வாட்டசாட்டமான ஆள், வெள்ளை மனசு, மைக் என்றால் உயிர். குகட்பள்ளியில் ஏறுவார். தெலுங்கு மீடியத்தில் படித்தவர், தமிழ் எழுத்து தெரியாது. ஏறியதும் ஜகதீசனுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார்.

அந்த வருஷம், எழுபத்தொன்பதில், பஸ் பயணிகளுக்கு ஒரு செயலாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது நிர்வாகம். புருஷோத்தமன் எழுந்து நின்றார். "காலியா இருக்கிற எடத்த நிரப்ப வரல. நெறஞ்சிருக்கிற அன்ப சொமக்க வந்திருக்கேன்" என்றார். யூனிஸுக்கு முறுக்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஏழாம் அத்தியாயத்தில் மதுரவாசகன் பேசியது அது. பஸ் கைதட்டிற்று. அவளும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கடன் வாங்கிய வாயும் பிழைக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. தான் புதன்கிழமை எழுதுவதை அந்த மனிதர் திங்கட்கிழமை பேசுகிறார் என்றால், தனக்கு வேண்டியதையே எழுதினால் என்ன? அடுத்த அத்தியாயத்தில் மதுரவாசகனை இப்படிப் பேசவைத்தாள்: "எந்த நாட்டில் தாய்மார் முன்னே அமர்கிறார்களோ, அந்த நாடு பின்னே போகாது." அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸின் முன் நான்கு வரிசை பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. பின்னொரு வாரம் மதுரவாசகன் தண்ணீர்ப் பந்தல் திறந்தான். பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு பானை வந்து உட்கார்ந்தது. இன்னொரு வாரம் அவன் பெண்கள் சாப்பிடும் கூடத்துக்கு விசிறி போட்டான். ஆலையில் ஆறு மாதமாகச் சுற்றாமல் நின்ற மின்விசிறி மறுவாரமே சுற்றியது.

கரும்பு தின்னக் கூலியா? யூனிஸ் பூரித்துப் போனாள். வீட்டில் எட்வர்டிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் காக்கிச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"நான் போற வண்டில கொடி என் கைல இருக்கும், இன்ஜின் டிரைவர் கைல இருக்கும். நான் பச்சை காட்டினா அவன் போவான்னு ஒரு நம்பிக்கை. ஆனா ஒன்னு, யூனிஸ். எங்க போவான்னு தண்டவாளம்தான் சொல்லும். உன் ஆளுக்குத் தண்டவாளம் எது?"

"சும்மா பயமுறுத்தாதீங்க. அவர் பாவம், நல்ல மனுஷன்."

"ஹவ், நல்ல மனுஷன்தான். நான் இல்லன்னு சொன்னேனா?" என்று நூலைப் பல்லால் கடித்தார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. சந்திரமோகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றறிக்கை சொல்ல ஆரம்பித்தார். "பஸ் பயணிகளோட ஒரு மீட்டிங். வெள்ளிக்கிழமை லஞ்ச் டயத்துல, கேன்டீன்ல. தலைப்புக்கு நல்லதா ஒன்னு சொல்லும்மா."

"பயண முறை மேம்பாடு" என்றாள் யூனிஸ், பழக்க தோஷத்தில்.

"பலே" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டாவது பாராவுக்குப் போனார். அது அறிவிப்புப் பலகைக்கு அல்ல. மேலிடத்துக்குப் போகும் ரகசியக் குறிப்பு. மாரெட்பள்ளி பஸ் பழசாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நிறுத்திவிடலாம். ஓடுகிற பஸ்ஸை நிறுத்த அதில் போகிறவர்களின் சம்மதம் வேண்டும் என்று விதி இருப்பதால், வெள்ளிக்கிழமை கைதூக்கச் சொல்லிச் சம்மதம் வாங்கப்படும். செயலாளர் புருஷோத்தமன் ஒத்துழைக்கிறார். அவரை எல்லா பஸ்களுக்கும் ஒருங்கிணைப்பாளராக்கலாம்.

யூனிஸின் விரல் நின்றது. குகட்பள்ளியிலிருந்து அந்த ஆளுக்கு, மெஹதிபட்டணத்திலிருந்து வரும் இன்னொரு கம்பெனி பஸ் இருக்கிறது. அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. அவளுக்கு?

"என்னம்மா, ரிப்பன் சிக்கிடுச்சா?"

"இல்ல சார். சொல்லுங்க."

ரகசியக் குறிப்பை டைப் அடிப்பவள் அதை வெளியே சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பஸ் போகும். பஸ் போனால் வேலை தானாகப் போகும். சர்க்கரை பூசிய தலைப்பும் அவள் கொடுத்ததுதான். பஸ்ஸில் எல்லோரும், புது பஸ் வரப்போகிறது, குஷன் சீட்டாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினாள். எல்லையோரத்துக் கிராமத்துக்குப் போகும் வண்டிப்பாதையை மூட நினைக்கிறான் மதுரவாசகன். மக்கள் கொதிக்கிறார்கள் என்று தெரிந்ததும் பயந்துபோய்க் கட்சி மாறி, வண்டிக்காகவே வாதாடுகிறான்: "சக்கரம் என்பது மரமும் இரும்பும் அல்ல, மக்களே. சக்கரம் என்பது நம்பிக்கை. விடியுமுன் எழுந்து காத்திருப்பவனைக் கைவிடாத நம்பிக்கை. அதை எவனாலும் நிறுத்த முடியாது." புதன்கிழமை ஜகதீசன் அதைப் படித்தபோது பஸ்ஸில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புருஷோத்தமன் உதட்டை அசைத்துக்கொண்டே நின்றார். மனப்பாடம் ஆகிறது. யூனிஸ் நிம்மதியாக மூச்சு விட்டாள். இதைப் பேசுகிற வாயால் அந்த மனிதர் எப்படி பஸ்ஸை நிறுத்தச் சொல்வார்?

வெள்ளிக்கிழமை கேன்டீனில் சாம்பார் வாசனையோடு கூட்டம் கூடியது. ஓரத்தில் சந்திரமோகன், கையில் சம்மதத் தாள். புருஷோத்தமன் பெஞ்சு மேல் ஏறினார். மைக் இல்லை, அவருக்கு அது தேவையும் இல்லை.

"அண்ணன்மாரே, அக்காமாரே. சக்கரம்னா மரமும் இரும்பும் இல்ல. சக்கரம்னா நம்பிக்கை."

கூட்டம் கைதட்டியது. யூனிஸும் தட்டினாள்.

"அப்படி இருக்கப்போ, ஒரு பழைய இரும்புக்குப் பின்னாடி நாம கைக்கு ஓடணும்? நம்பிக்கை வெளிய இல்ல, நம்ம நெஞ்சுக்குள்ள இருக்குது. நெஞ்சுக்குள்ள இருக்கிறத எவனாலும் நிறுத்த முடியாது. இனிமே ஒரு டிரைவர் ஹாரன் அடிச்சாத்தான் நம்ம பயணம்ங்கிற அடிமைத்தனம் நக்கோ. நம்ம இஷ்டத்துக்குக் கிளம்புவோம், நம்ம இஷ்டப்பட்ட வண்டில வருவோம். இதுக்குப் பேரு சுதந்திரப் பயணம்."

கைதட்டல் கேன்டீன் கூரையைத் தூக்கியது. யூனிஸின் கை பாதியில் நின்றுவிட்டது. நான்கு வரிக்குள் அவள் சொற்களைத் தலைகீழாகக் கவிழ்த்து விட்டார் அந்த மனிதர். அதைவிடக் கொடுமை, அவை கவிழ்ந்தும் அழகாகவே இருந்தன. ஜகதீசன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் மூன்று பஸ் மாறப்போகிற மனிதர்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற யானையைப் பார்த்து அவள் சிரித்ததுண்டு. மண் அள்ளிக் கொடுத்ததே தான்தான் என்று இப்போது தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் சந்திரமோகன்.

முதலில் நான்கு கை, பிறகு பத்து. யூனிஸ் எழுந்தாள்.

"ஒரு நிமிஷம். புருஷோத்தமன், நீங்க இப்ப பேசினது மணிக்கூண்டு எழுதினது, இல்லையா?"

"ஹவ், அக்கா" என்றார் அவர் பெருமையாக. "அந்த மகான் எழுதறதெல்லாம் எனக்கு வேதம்."

"அந்த மகான் நான்தான்."

கேன்டீன் சிரித்தது. பெருமாள் எழுந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டார். பதற்றத்தில் அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அவங்கதான்" என்றார். "அவங்க எழுதித் தருவாங்க, நான் காப்பி பண்ணுவேன். முதல் அத்தியாயத்திலிருந்து." சிரிப்பு அடங்கிற்று. சந்திரமோகன் தாளைக் கீழே வைத்தார்.

"நான் எழுதின அந்த அமைச்சன் ஒரு திருடன்ப்பா" என்றாள் யூனிஸ். "ஊரைக் கெடுக்கிறவன். அவன மாதிரி யாரும் ஏமாத்தக் கூடாது, யாரும் ஏமாறக் கூடாதுன்னுதான் எழுதினேன். ஒவ்வொரு வாரமும் கதையில அவன் என்ன பண்றான்னு நீங்க கேக்கவே இல்லையா?"

புருஷோத்தமனின் முகம் வெளுத்தது. "திருடனா? யாரு, மதுரவாசகனா?"

"ஆமா."

"அக்கா, நான் குகட்பள்ளிலதானே ஏறுறேன்."

யாருக்கும் புரியவில்லை. அவரே விளக்கினார். மாரெட்பள்ளியில் தொடங்கும் வாசிப்பு, குகட்பள்ளிக்கு வரும்போது அமைச்சனின் பேச்சுக்கு வந்துவிடும். ஒன்றரை வருஷமாக அவர் கேட்டது பேச்சை மட்டும்தான். திருட்டெல்லாம் அவர் ஏறுமுன் அமீர்பேட்டை பக்கமே முடிந்துபோயிருக்கிறது. எழுத்துத் தெரிந்திருந்தால் திருப்பிப் பார்த்திருப்பார், அதுவும் தெரியாது. ஒரு தர்மவான் ஊருக்கு நல்லது சொல்கிறான் என்றே நினைத்திருக்கிறார்.

இப்போது சிரித்த சிரிப்பில் சாம்பார் வாளியே ஆடியது. யூனிஸுக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் சிரிப்போடு சிரிப்பாகக் கைகள் மறுபடி உயரத் தொடங்கின. மேம்பாடு என்று பலகையிலேயே போட்டிருக்கிறதே, நல்லதாகத்தானே இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். விளக்கத்துக்கு விளக்கம் பேசினால் இதற்கு முடிவே இல்லை என்று அவளுக்குப் பட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அவள் தோட்டத்தில் காய்த்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

"புருஷோத்தமன், நான் ஒன்னே ஒன்னு கேக்கறேன். அடுத்த மாசம் முதல் தேதி, காலைல ஆறு நாப்பதுக்கு, மாரெட்பள்ளி முனைக்கு பஸ் வருமா, வராதா?"

"அது வந்து, அக்கா, சுதந்திரப் பயணத்துல..."

"வருமா, வராதா?"

"நெஞ்சுக்குள்ள இருக்கிற சக்கரம்..."

"வருமா, வராதா?" இந்தத் தடவை கேட்டது ஜகதீசன். உலைக்கு மேலே கத்துகிற குரல். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் கேட்டார்கள். புருஷோத்தமன் சந்திரமோகனைப் பார்த்தார். சந்திரமோகன் சாம்பார் வாளியைப் பார்த்தார்.

"வராது" என்றார் புருஷோத்தமன்.

தூக்கிய கைகளெல்லாம் இறங்கின. ஒன்றுகூட மிச்சமில்லை. "இதுக்கா கை தூக்கச் சொன்னீங்க?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். சம்மதத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சந்திரமோகன் வெளியே போனார். இனி பஸ்ஸை நிறுத்த முடியாது.

பெஞ்சிலிருந்து இறங்கிய புருஷோத்தமனின் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிடுங்க அக்கா. எல்லாருக்கும் பக்கத்துலயே வேற பஸ் இருக்கும்னு சார் சொன்னாரு. நான் கேக்கல." அவரை வெறுக்க யாராலும் முடியவில்லை. யாரோ அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"இனிமே அக்காதான் செயலாளர்" என்று ஜகதீசன் கத்தினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. யூனிஸைக் கையைப் பிடித்து பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்கள். ஐம்பத்தோரு முகம் அண்ணாந்து பார்த்தது. அவள் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "நீங்க எனக்குக் குடுத்தது பதவி இல்ல, உங்க நம்பிக்கைங்கிற..." என்று வந்தது வாயில். நம்பிக்கை என்ற சொல் காதில் விழுந்ததுமே கைதட்டல் கிளம்பிவிட்டது. வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவளுக்கே தெரியாது. அவர்களுக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. மேலே நின்று பார்க்க அது எத்தனை இனிமையாக இருந்தது என்று அவள் பயந்துபோனாள்.

"எனக்கு வேணாம்" என்று இறங்கிவிட்டாள். "பெருமாள் அண்ணன் இருக்கட்டும். அவர் எழுதினா எல்லாருக்கும் புரியும். பஸ் வரும், நாம போவோம். வேற ஒன்னும் இல்ல."

சனிக்கிழமை சாயங்காலம் காஜிப்பேட்டையிலிருந்து திரும்பிய எட்வர்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த பெஞ்சு மேல எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னிருந்தா இறங்கியிருக்க மாட்டேன்" என்றாள். எட்வர்ட் சிரிக்கவில்லை. "இறங்கிட்டல்ல, விடு" என்று அவளுக்கும் சேர்த்து டீ போட்டார்.

திங்கட்கிழமை ஆறு நாற்பதுக்கு பஸ் வந்தது. எட்டரைக்கு சந்திரமோகன் கூப்பிட்டார். முகம் உர்ரென்று இருந்தது.

"அந்தக் கதையில வர்ற அமைச்சன் நானா?"

"பாதி நீங்க சார். பாதி நான்."

"ஒரு ஆர்டர் அடிக்கணும். உங்களை ஸ்டோர்ஸுக்கு மாத்தறேன்."

அவள் தாளைச் செருகிக்கொண்டாள். ஸ்டோர்ஸ் என்பது துருப்பிடித்த வால்வுகளும் எலிகளும் உள்ள கொட்டகை. அங்கே அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் தேதி போட்டாள், தன் பெயரைத் தானே அடித்தாள். சந்திரமோகன் சொல்லிக்கொண்டே வந்தார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் வழக்கம்போல முட்டிக்கொண்டு நின்றார். ஐந்து வருஷப் பழக்கம். அவரை அறியாமலே வாய் கேட்டுவிட்டது.

"இதுக்கு கௌரவமா ஒரு வார்த்தை சொல்லும்மா."

"தண்டனைன்னு போடலாம் சார்."

"அதெப்படிம்மா போடறது? எதுக்குத் தண்டனைன்னு மேல கேப்பாங்களே."

"கதை எழுதினதுக்குன்னு போடுங்க."

"என்ன கதைன்னு கேப்பாங்க."

"ஆமா சார். கேப்பாங்க."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஒரு சொல் கிடைக்காதா என்று உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தார். யூனிஸ் விசைகளின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் மூன்று நல்ல வார்த்தைகள் தோன்றின. மூன்றும் பலே வாங்கியிருக்கும். ஒன்றையும் அவள் சொல்லவில்லை.

கடைசியில் சந்திரமோகன் கையை நீட்டி, மெஷினிலிருந்து தாளை உருவி, நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ரெண்டு டீ சொல்லிட்டு வாம்மா" என்றார்.